மீனவருக்கு மீன் விற்ற தவறணை

எங்கள் ஊர்க் கள்ளுத் தவறணை இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. அந்த இரண்டு வருடமும் ஊர் ஆண்கள் குடிக்காமல் திருந்தி இருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சைக்கிளிலும் ஓட்டோவிலும் அடுத்த ஊருக்குப் போய்க் குடித்தார்கள். போகும்போது ஒற்றுமையாகப் போவார்கள். வரும்போது ஒருவன் தென்னந்தோட்டத்திலும் ஒருவன் ரோட்டோரத்திலுமாகக் கிடப்பார்கள். தவறணையை மூட வேண்டும் என்று முன்பு வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கிய மாதர் சங்கத்துப் பெண்களே, விழுகிறதென்றால் சொந்த ஊரிலேயே விழட்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் என் தம்பி இத்தாலியிலிருந்து வந்து இறங்கினான்.

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தான். அங்கே ஒரு துறைமுகப் பட்டினத்தில், சாப்பாடும் குடியும் விற்கிற கடையொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு தட்டு ஏந்திப் பரிமாறி, கடைசியில் மற்றப் பரிமாறுகிறவர்களை மேய்க்கிற அளவுக்கு உயர்ந்தவன். கட்டின மனைவி வேறொருவரோடு வாழப் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. வந்த மூன்றாம் நாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, தவறணையக் குத்தகைக்கு எடுக்கப் போறன். எனக்குத் தெரிஞ்ச தொழில் இதுதான். ஆறு மாசம் பாப்பன். சரிவந்தா இருப்பன். சரிவராட்டித் திரும்பிப் போற டிக்கட் இருக்கு."

"உன்ட விருப்பம்" என்றேன். கோபக்காரி என்று ஊரில் எனக்குப் பெயர். கெஞ்சிக் கேட்கிற பழக்கம் இல்லை. ஆனால் இங்கே எழுதும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் போக வேண்டாம் என்பதைத் தவிர அந்த ஆறு மாதமும் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் கல்யாணம் கட்டவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒரு கோப்பை கழுவி ஒரு கோப்பை கவிழ்த்து வைத்தவள். இப்போது இரண்டு கோப்பை கழுவினேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அது மறுபடி ஒன்றாகிவிடும். அந்த டிக்கட்டின் தாளை அவன் பாஸ்போட்டுக்குள் மடித்து அலுமாரியில் வைத்திருந்தான். சேலை எடுக்கப் போகிற நேரமெல்லாம் அது என் கண்ணில் பட்டது.

நான் அதுவரை கருவாடு போட்டுப் பிழைத்தவள். அதை நிறுத்திவிட்டுத் தவறணைக் குசினிக்குப் போனேன். கள்ளோடு கடிக்க ஏதாவது பொரித்துக் கொடுப்பது என் வேலை. குசினிக்கும் கடைக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்னச் சன்னல் இருந்தது. அதன் வழியாகத்தான் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

தம்பி கடையைப் புதுப்பித்த அழகைச் சொல்ல வேண்டும். பழைய தவறணையில் குந்துவதற்கு இரண்டு நீள வாங்கும் மண்தரையும்தான். அவன் சீமெந்து போட்டான். பத்து மேசை, நாற்பது நீலப் பிளாஸ்டிக் கதிரை. மேசைக்கு மேசை இலக்கம். மேசை மேல் மடித்த கடதாசிக் கைத்துடைப்பான். காசு வாங்குகிற இடத்தில் தட்டினால் 'டிங்' என்கிற ஒரு பித்தளை மணி. அவன் கறுப்பு ஏப்ரன் கட்டி, வலது கையில் வட்டத் தட்டு ஏந்தி நின்றான். எங்கள் பாதிரியார் சாமியைக் கூப்பிட்டு ஆசீர்வதிக்கச் சொன்னான். சாமி நல்ல மனிதர், ஆனால் விவரமானவர். தவறணைக்கு வரமாட்டேன் என்று சொல்லாமல், பின்பக்கத்தால் வந்து குசினிக்கு மட்டும் தீர்த்தம் தெளித்துவிட்டு, சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

திறந்த அன்று ஊரே வந்தது. வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. கரையிலிருந்து நேரே வந்தவர்கள், சாரம் நனைந்து, காலெல்லாம் மணலும் செதிலும். அந்தக் கோலத்தில் புதுக் கதிரையில் எப்படி இருப்பது? கடைக்கு முன்னால் நின்ற பூவரச மரத்தடியில் குந்திக்கொண்டார்கள். தம்பி தட்டோடு மரத்தடிக்குப் போனான். மணலில் கால் புதையப் புதைய, ஆனால் தட்டு ஒரு சொட்டும் சிந்தாமல், அப்படி ஒரு நடை. குனிந்து கேட்டான்.

"சேர், என்ன எடுக்கிறீங்க?"

கேட்கப்பட்டவன் எங்கள் சின்னம்மாவின் மகன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், சேர் என்று கூப்பிடுகிற மாதிரி யாராவது பெரிய மனிதர் வந்து நிற்கிறாரோ என்று. தவறணையில் இருப்பது கள்ளு. அதைத் தவிர எடுப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. "கள்ளு" என்றான் பயந்துபோய். ஏதோ பரீட்சையில் கேட்டது மாதிரி.

அதற்குப் பிறகு வந்தது கண்ணாடிக் கோப்பைத் தகராறு. இத்தாலியில் வைனை அரைக் கோப்பைதான் ஊற்றுவார்களாம். மணம் நிற்பதற்கு இடம் விட வேண்டுமாம். எங்கள் ஆட்களுக்குக் கள்ளின் மணம் போதும் போதும் என்கிற அளவுக்குத் தெரியும், அதற்கென்று தனியாக இடம் தேவையில்லை. அரைக் கோப்பையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "தம்பி, மிச்சத்த யார் குடிச்ச?" என்று ஒருவர் கேட்டார். அவன் விளக்கம் சொன்னான். விளக்கம் முடிவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொரு பழக்கமும் அவனிடம் இருந்தது. குடித்து முடித்தவரிடம் போய், சிரித்த முகத்தோடு, "எப்பிடி இருந்தது சேர்? எல்லாம் சரியா?" என்று கேட்பான். எங்கள் ஊரில் ஒருவன் சாப்பிட்ட பிறகு அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாப்பாட்டில் ஏதோ விழுந்திருக்கிறது. மூன்று பேர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அன்று மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "உண்மையச் சொல்லு, கள்ளில என்ன?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் இல்லை. பயம்தான்.

அவனுடைய சேவையை மெச்சிக் குடித்தவர்கள் இரண்டே பேர். ஆலங்குடாப் பக்கம் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள். கதிரையில் இருந்தார்கள், கைத்துடைப்பானை மடியில் விரித்தார்கள், மணியைத் தட்டினார்கள். தம்பியோடு இத்தாலி மொழியில் இரண்டு வார்த்தை பேசினார்கள். அவனுக்கு முகமெல்லாம் பல். அவர்கள் கள்ளை ஒரு மடக்குக் குடித்து, மூக்கைச் சுருக்கி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முழுக் கோப்பையாக ஊற்றியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், வேறு வித்தியாசம் இல்லை.

இதெல்லாம் சிரித்துப் போகிற விசயங்கள். சனமும் சிரித்துக்கொண்டுதான் வந்தது. மரத்தடிக்குத் தட்டு வருவது சிலருக்குப் பிடிக்கவும் தொடங்கியது. ஒருவன் மனைவியிடம் போய், "தவறணையில எனக்குச் சேர் எண்டுறாங்க, நீ என்னடான்னா" என்று சண்டை போட்டானாம். இப்படியே போயிருந்தால் அரைக் கோப்பை முக்கால் கோப்பையாகி, முக்கால் முழுதாகி எல்லாம் சரிவந்திருக்கும். கெடுத்தது மீன்தான்.

எங்கள் தவறணையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கரைக்கு வந்த படகுக்காரர் அன்று பட்டதில் கறிக்கென்று ஒதுக்கும் மீனில் ஒரு கோர்வையை ஈர்க்கில் கோர்த்துத் தவறணைக்குக் கொண்டு வருவார்கள். கோர்வையைச் சன்னலால் குசினிக்குள் நீட்டுவார்கள். குசினியில் அதைக் கழுவிப் பொரித்தோ சுட்டோ கொடுக்க வேண்டும். கோர்வையில் இரண்டு மீன் குசினிக்கு. அதற்கு அடுப்புப் பங்கு என்று பெயர். கள்ளுக்குத்தான் காசு. மீனுக்குக் காசும் இல்லை, நன்றியும் இல்லை. கடற்கரையில் வலையை இழுக்கிறவனுக்குப் பங்கு இருக்கிற மாதிரி அடுப்பை ஊதுகிறவருக்கும் பங்கு, அவ்வளவுதான்.

இது தம்பிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவனே இருபத்து நாலு வயது வரை கோர்வை கொண்டு போனவன். தெரிந்துகொண்டே சுவரில் ஒரு பலகை தொங்கவிட்டான். தமிழிலும் சிங்களத்திலும் அழகான எழுத்து. 'வெளியிலிருந்து உணவு கொண்டு வர வேண்டாம்.' அதற்குக் கீழே விலையோடு ஒரு பட்டியல், முதல் வரி பொரித்த மீன். அந்த மீனை எங்கே வாங்கினான் என்று நினைக்கிறீர்கள்? புத்தளம் சந்தையில். எங்கள் கரையில் விடிய ஏறிய மீன் லொறியில் புத்தளம் போய், ஐஸில் படுத்து எழும்பி, மறுநாள் எங்கள் தவறணைக்கு முள்ளெல்லாம் தளர்ந்து திரும்பி வந்தது. அதைத்தான் நான் மாவில் பிரட்டிப் பொரித்தேன். அதைப் பிடித்தவனுக்கே அதை விற்கச் சொன்னான் என் தம்பி.

"இது நல்லா இருக்காது" என்று முதல் நாளே சொன்னேன்.

"எல்லா இடத்திலயும் இதுதான் சட்டம் அக்கா. குசினிக்குள்ள என்ன வருது எண்டு நமக்குத் தெரிஞ்சிருக்க வேணும்" என்றான்.

முதல் பத்து நாள் காற்றால் மீன் குறைவு, வீட்டுக் கறிக்கே போதவில்லை. கோர்வையும் வரவில்லை. பதினோராம் நாள் நல்ல மீன்பாடு. முதலில் வந்தவர் சம்மாட்டி. படகும் வலையும் அவருடையது. அறுபது தாண்டிய மனிதர், இன்றும் தானே கடலுக்குப் போகிறவர். அவருக்குப் பின்னால் அவருடைய படகில் போகிற மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் மற்றப் படகுக்காரர். சம்மாட்டி கையில் பத்து விளைமீன் கோர்த்த கோர்வை. அவர் கதிரைகளுக்கு நடுவால் வந்து கோர்வையைச் சன்னலுக்கு நீட்டினார். நான் கையை நீட்டினேன். மீன் என் விரலில் முட்டவும் இல்லை. தம்பி நடுவில் வந்துவிட்டான்.

"மன்னிக்க வேணும் சேர். வெளிச் சாப்பாடு அனுமதி இல்ல."

பலகையைக் காட்டினான். சம்மாட்டி பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிதானமாக வாசித்தார். பிறகு கீழே இருந்த விலைப்பட்டியலை வாசித்தார். கோர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் எல்லோரும் போனார்கள். என் கை சன்னலுக்கு வெளியே நீண்டபடி இருந்தது. வாயைத் திறந்து நாலு வார்த்தை ஏசாதவள் அல்ல நான். ஆனால் அன்று சம்மாட்டியின் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

மறுநாள் யாரும் வரவில்லை. அடுத்த நாள் வழி தவறி ஒரு லொறி டிரைவர் வந்தார். கள்ளு பீப்பாவில் புளித்தது. அதை வினாகிரிக்குப் போட்டேன். ஒரு மாதத்தில் ஊர் முழுவதற்கும் அச்சாறு போடப் போதுமான வினாகிரி என்னிடம் இருந்தது. தம்பி ஒவ்வொரு காலையும் நாற்பது கதிரையையும் துடைத்தான். கைத்துடைப்பானை மடித்தான். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். ரோட்டால் போகிறவர்கள் சிரித்து, தலையாட்டி, அடுத்த ஊருக்குப் போனார்கள். யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் எதிர்த்து ஏசியிருப்பேன், கதை முடிந்திருக்கும்.

மூன்றாம் மாதம் முடிகிற நேரம். மத்தியானம், கடையில் ஒரு குஞ்சும் இல்லை. அவன் சொன்னான், "டிக்கட் திகதிய முன்னுக்கு மாத்த ஏலுமா எண்டு கேட்டுப் பாக்கப் போறன்."

எனக்கு அடக்க முடியவில்லை. அகப்பையைச் சட்டிக்குள் எறிந்துவிட்டு வெளியே வந்தேன்.

"ஒரு பலகையக் கழட்ட ஏலாம இத்தாலிக்குப் போகப் போறியா? ரெண்டு மீன வாங்கினா உன்ட தட்டுத் தேஞ்சு போகுமா?"

சுத்தம் என்றான், ஒழுங்கு என்றான், அங்கே இப்படியெல்லாம் நடக்காது என்றான். நான் விடவில்லை. கத்தினேன். கடைசியில் அவன் கதிரையில் விழுந்து இருந்தான்.

"அக்கா, நான் சொல்லாமக் கொள்ளாம அந்தப் படக விட்டிட்டு ஓடினவன். அவங்கட மீன எந்த முகத்தோட வாங்கித் தின்னுறது? அவங்களுக்கு ஊத்திக் குடுக்கிற வேலைக்காரனா நிக்கிறன். பங்குக்காரனா நிக்க எனக்கு ஏலாது."

அப்போதுதான் அந்தச் 'சேர்' எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. மச்சான் என்றும் அண்ணன் என்றும் கூப்பிட வேண்டியவர்களை ஏன் அப்படிக் கூப்பிட்டான், புத்தளத்து ஐஸ் மீனை ஏன் தேடிப் போனான், எல்லாம் விளங்கியது. கோபமெல்லாம் இறங்கிவிட்டது. இந்த விசயத்தில் அவனைவிட முகமில்லாதவள் நான்.

அவன் சம்மாட்டியின் படகில் நான்காவது ஆளாக இருந்தவன். இத்தாலிக்குப் பெரிய படகில் ஆட்களை ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஒரு பின்னேரம் கிளம்பிப் போனான். மறுநாள் விடிவதற்கு முன் சம்மாட்டி வேலிக்கு வெளியே நின்று அவன் பெயரைக் கூப்பிட்டார். "தம்பிக்குக் காய்ச்சல்" என்றேன் நான். அவர்கள் ஓர் ஆள் குறைய மூன்று பேராகக் கடலுக்குப் போனார்கள்.

படகில் போகிற ஒருவன் நோயில் விழுந்தால் அவன் எழும்பும் வரை அவனுடைய பங்கு வீட்டுக்கு வரும். அது எங்கள் கரையின் முறை. அன்று மாலை சம்மாட்டி தம்பியின் பங்கைக் கொண்டு வந்து தந்தார். காசும் கறி மீனும். நான் வாங்கினேன். மறுநாளும் வந்தது, வாங்கினேன். ஒரு கிழமைக்குள் தம்பி போன கதை ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி வராது என்று நினைத்தேன். வந்தது. சம்மாட்டி ஒன்றும் கேட்காமல் படியில் வைத்துவிட்டுப் போவார். சோழகக் காற்று எழும்பிக் கடல் மூடும் வரை, இரண்டு மாதத்துக்கு மேல், ஒவ்வொரு நாளும் வைத்தார். என்னுடைய பொய்யை எனக்கே ஒவ்வொரு நாளும் காட்டுவதற்காக, என்னை வெட்கப்படுத்துவதற்காகத்தான் வைக்கிறார் என்று நான் நம்பினேன். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் கோயிலில்கூட அவருக்குப் பக்கத்து வாங்கில் இருந்ததில்லை. தம்பிக்கு இந்தக் கதையை எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அன்று பின்னேரம் சம்மாட்டியின் வாடிக்குப் போனேன். கடற்கரையில் கிடுகு வேய்ந்த கொட்டில். அவர் தனியாக இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தம்பிக்காகப் பேசத்தான் போனேன். வாயைத் திறந்ததும் வேறு ஏதோ வந்தது.

"சம்மாட்டி அண்ணே, தம்பிக்கு அண்டைக்குக் காய்ச்சல் இல்ல."

அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"நீ சொல்லக்குள்ளயே தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது. சண்டைக்கு வாறவள் மாதிரியெல்லோ நிண்ட நீ."

"தெரிஞ்சுகொண்டு ஏன் பங்கு கொண்டு வந்தீங்க? என்ன வெட்கப்படுத்தவா?"

இப்போது தலையைத் தூக்கினார். நான் சொன்னது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வெட்கப்படுத்தவா? அடியேய், தாய் தேப்பன் இல்ல. இருந்த தம்பியும் போயிட்டான். தனிப் பொம்பிளப்புள்ள என்னத்தச் சாப்பிடுவாய்? சும்மா தந்தா நீ வாங்குவியா? மூஞ்சில எறிவாய். காய்ச்சல்காரன்ட பங்கெண்டா உன்னால மறுக்க ஏலாதே. அதுதான் நாங்க நாலு பேரும்... மூண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்தம்."

நான் அங்கேயே மணலில் இருந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம். அந்த மனிதரைக் கண்டால் ரோட்டுக்கு மற்றப் பக்கம் மாறி நடந்த இருபத்திரண்டு வருடம். அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அவர் கொஞ்ச நேரம் வலை பொத்தினார். பிறகு, "போதும், போ. கடல்ல இருக்கிறவனுக்கு என்னமோ ஆகிட்டுது எண்டு சனம் ஓடி வரப்போகுது" என்றார்.

எழும்பும்போது தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். பங்குக்காரனாக நிற்க ஏலாது என்று சொன்னதை.

"ஓ" என்றார் சம்மாட்டி. "நான் நினைச்சன், அவனுக்கு எங்கட மீன் நாறுது எண்டு."

அடுத்த நாள் பதினொரு மணிபோல தம்பி வழக்கம்போல வாசலில் தட்டோடு நின்றான். நான் சன்னலடியில். சம்மாட்டி வந்தார். பின்னால் அவருடைய படகு ஆட்கள் மூன்று பேர். கையில் கோர்வை. தம்பி பலகையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாயைத் திறந்தான். அதற்குள் சம்மாட்டி கோர்வையை அவன் ஏந்தியிருந்த தட்டின் மேலேயே வைத்துவிட்டார். மடித்த வெள்ளைத் துணிக்கு மேல் எட்டு விளைமீன், ஈரம் சொட்டச் சொட்ட.

"காய்ச்சல் மாறிட்டுதா, தம்பி?" என்று கேட்டார்.

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது? சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, அத்தனை பேருக்கும் முன்னால், எல்லாவற்றையும் சொன்னேன். வேலிக்கு வெளியே கூப்பிட்டது, நான் சொன்ன பொய், படியில் வைத்த மீன், இரண்டு மாதம், நேற்று வாடியில் கேட்டது. கேட்கக் கேட்கத் தம்பியின் தட்டு ஒரு பக்கம் சரிந்தது. மீன் ஒன்று வழுகிச் சீமெந்தில் விழுந்தது.

"எனக்குத் தெரியாது அண்ணே" என்றான் தம்பி. சேர் இல்லை, அண்ணே. "எனக்கு யாரும் சொல்லல்ல. நான் அங்க இருந்து... அக்கா என்னத்தச் சாப்பிடுறாளோ எண்டு..." நாற்பத்தாறு வயது ஆம்பிளை, ஏப்ரனின் நுனியால் முகத்தைத் துடைத்தான்.

சம்மாட்டி கதிரை ஒன்றை இழுத்து, நனைந்த சாரத்தோடு அதில் இருந்தார். "அழுறதெண்டா பிறகு அழலாம். மீன் பழுதாகுது" என்றார்.

தம்பி குனிந்து விழுந்த மீனை எடுத்தான். தட்டோடு குசினிக்குள் வந்தான். என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தானே கழுவினான், தானே செதில் சீவினான். எனக்கென்றால் அவன் சீவிய சீவலைப் பார்க்கக் கோபம் வந்தது, பாதிச் செதில் மீனிலேயே இருந்தது. ஏசவில்லை. இரண்டு மீனை எடுத்து மூடி வைத்தான். அடுப்புப் பங்கு. அன்று மத்தியானம் நாங்கள் அதைத்தான் சாப்பிட்டோம், செதிலோடு.

பலகையை அவன் அன்றே கழற்றினான் என்று சொன்னால் அழகாக இருக்கும். கழற்றவில்லை. சாமியின் அடுத்த வருகைக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்கும்போதுதான் கழற்றினான், அதுவரை யாரும் அதை வாசிக்கவில்லை. கதிரைகளில் பாதி மரத்தடிக்குப் போய்விட்டன. அரைக் கோப்பைக்குப் பதிலாக மண்முட்டி வந்தது. பித்தளை மணி மட்டும் குசினிக்கு மாறி நல்ல வேலைக்கு வந்தது. பெண்கள் பின்பக்கக் கதவால் வந்து அதைத் தட்டினால், தட்டுகிற விதத்திலேயே அது யாருடைய மனைவி என்று கடைக்குத் தெரியும், அந்த ஆள் எழும்பிப் போவார். "எப்பிடி இருந்தது?" என்று கேட்கிறதைத் தம்பி இன்னும் விடவில்லை. இப்போது அவர்கள் பதில் சொல்கிறார்கள். தண்ணீர் கலந்திருக்கிறாய் என்கிறார்கள், அக்காவின் உப்புக் கை கூடிவிட்டது என்கிறார்கள். என்னைப் பற்றிய முறைப்பாடுதான் அதிகம்.

திகதியை மாற்றுவது பற்றி அவன் மறுபடி பேசவில்லை. ஆனால் டிக்கட் அலுமாரியில்தான் இருந்தது. நானும் கேட்கவில்லை. நாளை மட்டும் மனதுக்குள் வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். அந்த நாளும் வந்தது. ஒரு வியாழக்கிழமை. விடிய எழும்பியதிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். பல் விளக்கினான், பாண் சாப்பிட்டான், கடையைத் திறந்தான். அன்று நல்ல பாடு, ஐந்து கோர்வை வந்தது. சனம். நான் இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தவனிடம் கேட்டே விட்டேன்.

"இண்டைக்குத்தானே?"

"என்ன இண்டைக்கு?" என்றான், நிமிராமல்.

அது நடிப்பில்லை. அவன் உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தான்.

"ஒண்டுமில்ல" என்றேன். "செதில ஒழுங்காச் சீவு."